வாசிக்க முடியாத ஃபைல் யார் குற்றம்?

இயக்கத்தின் ஆவணங்கள் கணினிக்கு வந்துவிட்டன என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். உண்மை அறியும் குழு அறிக்கை, துண்டறிக்கை, வழக்குத் தாள், நின்றுபோன சிறுபத்திரிகை எல்லாமே ஒரு பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. சரி, யாருக்கு அது திறக்கிறது? எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். நம்ம தோழர்கள் கொடுக்கிற பென் டிரைவில் பாதி எனக்குப் பூட்டித்தான் கிடக்கிறது.

சொன்னால் ரெண்டே பதில்தான் வருது. "உங்க மிஷின்ல ஏதோ கோளாறு தோழர்." இல்லாட்டி, "யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க." இந்த ரெண்டையும் நான் ஏற்க மாட்டேன். கோளாறு கேட்பவரின் கணினியிலும் இருக்கலாம், ஃபைலைச் செய்தவரின் கையிலும் இருக்கலாம். எது எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் பார்வையில்லாதவர் தலையில் கட்டுவதை ஆதிக்க மனோபாவம் என்றுதான் சொல்வேன்.

முதலில் எங்க பக்கம். விலை கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடர் சேரி மாணவருக்கு எட்டாத சரக்கு. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது என்விடிஏ. இருவருமே பார்வையற்றவர்கள். காசு இல்லை, நிரல் திறந்தே இருக்கிறது. யாருடைய தயவும் இல்லாமல் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். அதன் கோளாறுகளையும் நாமே சரிசெய்யப் பழக வேண்டும். டெக்னீசியனுக்காகக் காத்துக் கிடப்பதும் ஓர் அடிமைத்தனம்தான்.

ஸ்கிரீன் ரீடர் கண்ணைப் போலத் திரையைப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் எதன்மேல் நிற்கிறதோ அதன் பெயரையும் வகையையும் விண்டோஸிடம் கேட்டு வாங்கிச் சொல்கிறது. அதனால் ஃபோல்டரைத் திறந்தும் சத்தம் வரவில்லை என்றால் முதல் கேள்வி, ஃபோகஸ் எங்கே? இன்சர்ட்டோடு டி அழுத்தினால் எந்த ஜன்னல் என்று சொல்லும். இன்சர்ட்டோடு டேப் அழுத்தினால் நிற்கிற இடத்தைச் சொல்லும். முகவரிப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தால் எஃப்6 அழுத்தி ஃபைல் பட்டியலுக்கு வரலாம். பட்டியல் படங்களாக விரிந்து கிடந்தால் அம்புக்குறி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரிக்கு ஒரு ஃபைல் என்று ஒழுங்காகும்.

தமிழ்ப் பெயர் உள்ள ஃபைலில் மட்டும் மௌனமா? குரலைப் பாருங்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த குரல் தமிழை விழுங்கிவிடும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ஜியில் தமிழ்க் குரல் உண்டு. அப்புறமும் ஊமையாக இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தி என்விடிஏவை மறுபடி தொடங்கலாம். இன்சர்ட்டோடு கியூ அழுத்தினால் வரும் பெட்டியில், ஆட் ஆன்களை நிறுத்திவைத்துத் தொடங்கவும் வழி இருக்கிறது. புதிதாக ஏதாவது மென்பொருளை ஏற்றிய பிறகோ நீக்கிய பிறகோ தொல்லை தொடங்கியிருந்தால், என்விடிஏ மெனுவின் டூல்ஸ் பகுதியில் காம் பதிவுகளைச் சீர்செய்யும் கருவி இருக்கிறது. அதையும் ஓட்டிப் பார்க்கலாம்.

இத்தனையும் செய்தாச்சு. ஃபோல்டர் பேசுது. ஆனா என்ன பேசுது? "ஸ்கேன் 0001, ஸ்கேன் 0002, ஃபைனல், ஃபைனல் புதுசு." இது எந்த மென்பொருளின் கோளாறும் இல்லை, தோழர்களே. இது நம்ம கோளாறு.

கண்ணுள்ளவர் ஒரே பார்வையில் முகப்புப் படத்தைப் பார்த்துக் கண்டுகொள்வார். நான் நூறு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "1968 கீழ்வெண்மணி", "1997 மேலவளவு", "1999 தாமிரபரணி" என்று ஆண்டை முன்வைத்துப் பெயரிட்டால், 1997 என்று தட்டியதும் மேலவளவுக்குப் போய் நிற்பேன். பெயர் மாற்ற எஃப்2 ஒன்று போதும். அதற்கு என்ன செலவு?

பெயரைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே வெறும் படம். ஸ்கேன் செய்து அப்படியே பிடிஎஃப் ஆக்கியது. அதில் எனக்கு ஒரு எழுத்தும் இல்லை, வெற்றுத்தாள்தான். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் அச்சையும் எழுத்தாக்கித் தரும். பிழை வரத்தான் செய்யும், கண்ணுள்ள தோழர் மெய்ப்புப் பார்க்கட்டும். இன்னொன்று பழைய எழுத்துரு. பாமினியில் அடித்த தமிழ் உங்கள் கண்ணுக்குத் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அம்பேத்கர் என்ற பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "எம், கே, செமிகோலன்" என்றுதான் தொடங்கும். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாம் எதுக்காகக் காத்திருக்கிறோம்?

"ஃபைல் எல்லாருக்கும் பொதுவாத்தானே கெடக்கு" என்பார்கள். பொதுவாகக் கிடப்பது என்றால் என்னவென்று மகாத் நமக்குச் சொல்லியிருக்கிறது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட 1923இல் பம்பாய் சட்ட மேலவை தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் போட்டது. அண்ணல் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் இறங்கியது 1927 மார்ச் 20 அன்றுதான். அதுவரை தீர்மானம் தாளில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது.

தீண்டாமையும் பார்வையின்மையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதி மனிதர் உண்டாக்கிய கொடுமை. பார்வையின்மை உடலின் ஒரு நிலை. ஆனால் பார்வையில்லாதவருக்கு ஆவணம் எட்டாமல் போவது உடலால் வருவதல்ல, அதுவும் மனிதர் செய்வதே. சேரியிலிருந்து படிக்க வந்த பார்வையற்ற மாணவி மீது இரண்டும் சேர்ந்தே விழுகின்றன.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆவணங்களை அணுகும் வடிவில் தரும் பொறுப்பை அரசின்மீது வைக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூல்களை அணுகும் வடிவுக்கு மாற்ற 2012 பதிப்புரிமைத் திருத்தம் அனுமதிக்கிறது. அரசிடம் இதைக் கேட்டுப் போராடுவோம். கேட்பதற்கு முன் நம் வீட்டைப் பார்ப்போம்.

ஆவணம் வெளியிடும் ஒவ்வொரு தோழரும் ஒரு காரியம் செய்யட்டும். என்விடிஏவை இறக்கிக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், தன் ஃபோல்டரில் ஓர் அறிக்கையைத் தேடித் திறந்து முதல் பத்தியைக் கேட்கட்டும். கேட்க முடிந்தால் வெளியிடுங்கள். முடியாவிட்டால் வேலை இன்னும் முடியலன்னு அர்த்தம்.