ஏட்டுச் சுரைக்காய் பேக்கப்

‘தினமும் பேக்கப் எடுக்கிறீர்களா?’ என்று மும்பையில் எந்தச் சிறு நிறுவனத்தில் கேட்டாலும், ‘ராத்திரி அதுவே எடுத்துக்கொள்கிறதே!’ என்பார்கள். ‘சரி, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துப் பார்த்தது எப்போது?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

தாராவியில் தோல் பொருள் செய்பவரிலிருந்து அந்தேரியில் ஏற்றுமதி செய்பவர் வரை, இன்று எல்லோருடைய பில்லும், ஜி.எஸ்.டி. கணக்கும், சம்பளப் பட்டியலும் மூலையில் ஓடும் ஒரு விண்டோஸ் சர்வருக்குள்தான் இருக்கின்றன. அது போனால் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது. அந்த மாதச் சம்பளம் தள்ளிப்போகும். நம் சங்கக் குடும்பங்களில் கணக்கர்களும் சிஸ்டம் இன்ஜினீயர்களும் ஏராளம் என்பதால் இது நம் வீட்டுக் கவலையும்தான்.

பேக்கப் சத்தமில்லாமல் கெடும். சர்வரின் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். பேக்கப் சாஃப்ட்வேரோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். பிரதி விழும் டிஸ்க் நிரம்பிவிடும். பயன்பாட்டில் திறந்திருக்கும் ஃபைல்களைப் பிரதி எடுக்க விண்டோஸில் ‘ஷேடோ காப்பி’ என்றொரு ஏற்பாடு உண்டு. அது இடையில் தடுமாறினால் மற்றதெல்லாம் வந்து, முக்கியமான கணக்கு ஃபைல் மட்டும் விடுபடலாம். எச்சரிக்கை லாகின் அடியில் ஒரு வரியாகக் கிடக்கும். அதைப் படிக்க ஆள் இல்லை.

கோளாறு தெரிந்ததும் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுவது பலருடைய வழக்கம். காரணத்தைத் தேடாமல் அப்படிச் செய்வது வீண் வேலை. முதலில் ‘ஈவன்ட் வியூவ’ரில் அந்த நேரத்துப் பிழையைப் படிக்க வேண்டும். பிறகு டிஸ்கில் இடம், பாஸ்வேர்டு இரண்டையும் பார்க்க வேண்டும். ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஷேடோ காப்பியில் எந்தப் பகுதி பழுது என்று காட்டும். அந்தப் பகுதிக்குரிய சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தக் கதி உண்டு. 2017 ஜூனில் ‘நாட்பெட்யா’ என்ற நாசகாரப் புரோகிராம் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, நம் நவி மும்பைத் துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. அவர்களுடைய முக்கிய சர்வர்கள் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. அது போதும் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. மின்வெட்டால் அணைந்திருந்த கானா நாட்டு சர்வர் ஒன்று மட்டும் தப்பியதால்தான் மீட்க முடிந்தது. ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவினார்கள். சர்வரோடு எப்போதும் இணைந்தே கிடக்கும் பிரதி, சர்வருக்கு வரும் ஆபத்தில் தானும் போகும்.

அதே அறையில் வைப்பதும் அப்படித்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை மும்பைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்து அலுவலகத்தில் சர்வரும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். ஒரு பிரதி வேறு கட்டடத்தில், இணைப்பு நீக்கப்பட்டு இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 முதல் கம்பெனி விதிகளே சொல்கின்றன. சட்டத்துக்காக எடுத்து வைப்பது வேறு, ஆபத்தில் கைகொடுப்பது வேறு. திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.

‘நேரமில்லை, தனிக் கம்ப்யூட்டருக்குச் செலவாகும்’ என்பார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியமும் போதும். அதில் முழுக் கணக்கையும் திருப்பி ஏற்றி, கணக்கர் உட்கார்ந்து சென்ற மாத இருப்பைச் சரிபார்க்க வேண்டும். இன்ஜினீயர் ‘வந்துவிட்டது’ என்று சொல்வது போதாது. எண்கள் சரியா என்று கணக்கருக்குத்தான் தெரியும்.

இதற்குப் பொறுப்பு முதலாளியுடையது என்பது என் கருத்து. டிஸ்க் வாங்கப் பணம் கேட்டால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு, டேட்டா போன பிறகு சொற்பச் சம்பளத்துப் பையனைத் திட்டுவது நியாயமில்லை. நம் பிள்ளைகளில் இந்த வேலையில் இருப்பவர்கள், கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். முதலாளிகளாக இருப்பவர்கள் நாளைக்கே சென்ற மாத பில் ஒன்றைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். எவ்வளவு நேரத்தில் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.