இரவில் எத்தனை பேர்?

முதியோர் இல்லம் என்னுஞ் சொல் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்னும் வசைச்சொல்லாகவே ஒலிக்கிறது. காரணம் உண்டு. இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழிச் செல்வன. பெண்மக்களுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தபின், இளைய மகளுடன் தங்கி, அவள் கையாற் கஞ்சி குடித்துக் கண்மூடுவதே பெற்றோர் எதிர்பார்த்த முடிவு. அந்த இளைய மகள் இன்று வளைகுடா நாடொன்றில் பிறர் வீட்டு முதியவரைப் பராமரிக்கிறாள்; மகன் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கிறான். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, நாவலடியிலும் கல்லடியிலும் பேணுவோரையே வாரிச் சென்ற குடும்பங்களும் உள. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியிருந்தனர். ஆதலால் இல்லங்களைப் பழிப்பதை விடுத்து, நல்ல இல்லம் எது என்று கேட்கத் தொடங்குதல் தகும் என்பது என் கருத்து.

இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விடை கண்டனர். 2008ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து அங்குள்ள அரசு, முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கி வருகிறது. முன்னறிவிப்பின்றிச் செல்லும் பரிசோதகர் கண்டதே அடிப்படை. தாதியர், பணியாளர் ஆகியோரின் தொகையும், படுக்கைப் புண், விழுந்து காயமுறுதல் போன்றவற்றின் கணக்கும் அதனைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஏற்பாடு நன்று. ஆனால் பணியாளர் தொகையை நிலையத்தாரே எழுதிக் கொடுத்தனர். பராமரிப்புத் தரத்தையும் தாமே எழுதினர். தன் வெற்றிலைக்குத் தானே விலை கூறும் வியாபாரி குறைத்தா கூறுவான்? 2014ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இக்குறையை வெளிப்படுத்தியது. பின்னர் 2016 முதற் சம்பளப் பதிவேட்டின்படியே ஆட்கணக்குக் காட்டுதல் கட்டாயமாயிற்று. 2022இல் வாரவிடுமுறை நாட்களில் உள்ளோர் எத்தனை பேர், ஆண்டுக்குள் விலகிச் சென்றோர் எத்தனை பேர் என்பனவும் மதிப்பீட்டிற் சேர்ந்தன. அங்கும் ஏமாற்று உண்டு என்பதில் நாம் மகிழ ஒன்றுமில்லை. நாம் எந்தக் கணக்கையும் கேட்டதேயில்லை.

ஆட்கணக்கை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். தாமாகப் புரள இயலாத பன்னிருவர் ஓரில்லத்தில் உள்ளனர் என்க. படுக்கைப் புண் வராதிருக்க அவர்களை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தல் வழக்கம். ஒருவருக்கு ஐந்து நிமிடமாயின் அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அதுவும் இருவர் சேர்ந்து தூக்கினால். இரவிற் பணியாள் ஒருத்தியே இருப்பாளாயின், அவள் எவ்வளவு இரக்கமுள்ளவளாயினும் பன்னிருவரையும் புரட்ட அவளால் ஆகாது. தண்ணீர் கேட்பவருக்கும், மலசலகூடம் செல்ல எழுந்து தடுமாறுபவருக்கும் யார் துணை? புதிதாக வெள்ளையடித்த சுவரும், வாயிற் பூஞ்சாடியும், ஒக்டோபர் 1ஆந் திகதி முதியோர் தினத்து மாலைகளும் இதற்கு மறுமொழி கூறா.

நம் நாட்டிற் சட்டமில்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யப் பணிக்கிறது. ஆயினும் பதிவு வேறு, தரம் வேறு. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவதைக் கண்டு மனநிறைவுடன் திரும்பும் பிள்ளைகள், அப்பத்திரம் இரவில் எவரையும் தூக்கி இருத்தாது என்பதை எண்ணவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உறவினர் ஒருவரை, சொல்லாமல், ஞாயிறு மாலை விளக்கு வைத்தபின் இல்லத்துக்கு அனுப்புங்கள். படுத்த படுக்கையிலுள்ளோரின் முதுகையும் குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டிருந்த பணியாளர் இன்றும் உளரா என்று விசாரியுங்கள். அம்மாவின் பேச்சை விளங்கிக்கொள்ளும் ஒருவராவது அங்கே உண்டா என்பதும் சிறிய கேள்வியன்று.

அரசினர் செய்யவேண்டியதும் பெருஞ்செலவினதன்று. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உளர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஒவ்வோர் இல்லத்தின் வாயிலிலும் ஒரு பலகை தொங்கட்டும்: தங்கியிருப்போர் எத்தனை பேர், அவருள் எழுந்து நடக்க இயலாதோர் எத்தனை பேர், பகலிற் பணியாளர் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர். அத்தொகையை மாதமொருமுறை சம்பளப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு அவ்வுத்தியோகத்தர் கையொப்பமிடட்டும்.