விசா ஒன்று, சட்டம் 29

கொஞ்சம் நீளமான பதிவு. ஐரோப்பாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள், வாசித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இப்போது இரண்டு செய்திகள் சுற்றுகின்றன. ஒன்று: "யூரோப் டூர் போறவங்க வேப் கொண்டு போகலாம், அங்க எல்லாம் ஓப்பன், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." மற்றது: "பெல்ஜியத்தில வேப் தடை, பொக்கட்ல இருந்தாலே பொலிஸ் பிடிக்கும், ஷெயார் பண்ணுங்க." முதலாவதைப் போடுகிறவர் பெரும்பாலும் டிக்கெட் விற்கிறவர். இரண்டாவதைப் போடுகிறவர் நல்ல மனசுக்காரர், செய்தியின் தலைப்பை மட்டும் வாசித்தவர். இரண்டுமே பிழை. ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எங்கள் பிள்ளைகள் ரயில் ஏறுகிறார்கள்.

"சேர், அந்தப் புகையே வேண்டாம் என்று எழுதலாமே" என்று கீழே ஒருவர் எழுதுவார். வகுப்பறையில் நாங்கள் அதைச் சொல்லாத வாரம் இல்லை. நிக்கொட்டின் பழக்கம் எப்படிப் பிடிக்கும், பிடித்தால் எப்படி விடாது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதுதான். இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல. பழகிவிட்ட இருபது வயதுப் பிள்ளை லண்டனில் இருந்து மூன்று நாள் லீவில் பாரிஸுக்கோ பிரசல்ஸுக்கோ போகும்போது அவனுக்கு யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

முதலில் எல்லோரும் குழம்புகிற இடம். ஷெங்கன் விசா என்று கையில் ஒன்று கிடைத்தவுடன் ஐரோப்பா முழுவதும் ஒரே நாடு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 29 நாடுகள், ஒரே ஸ்டிக்கர். எல்லையில் பெரும்பாலும் ஒருவரும் மறிப்பதில்லை, ரயில் போய்க்கொண்டே இருக்கும். பிரித்தானியா அந்த 29க்குள் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. லண்டனில் மாணவர் விசாவில் இருக்கும் எங்கள் பாஸ்போர்ட் பிள்ளை பாரிஸ் போக வேறாக ஷெங்கன் எடுக்கத்தான் வேண்டும். விசா ஒன்றானதால் சட்டமும் ஒன்றாகிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஒரு பொது விதி போட்டது, 2016 மே மாதத்தில் இருந்து நடைமுறை: திரவத்தில் நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கருவியின் தொட்டி 2 மில்லிலீற்றர், நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றர். எதை விற்கலாம் என்பதற்கு அந்தப் பொது அளவு. எங்கே நின்று ஊதலாம், எந்தச் சுவை விற்கலாம், ஒருமுறை பாவித்து எறியும் கருவி இருக்கலாமா என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் கையில்.

பெல்ஜியத்தை எடுங்கள், ஏனென்றால் பயமுறுத்தும் செய்தி அங்கிருந்துதான் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை விற்பதை பெல்ஜியம் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுதான் முதல் நாடு. கவனியுங்கள், விற்பதை. பிரான்ஸ் 2025 பெப்ரவரியில் அதே வேலையைச் செய்தது. அங்கே அதை 'பஃப்' என்பார்கள், விற்கிற கொம்பனிக்குத் தண்டம் ஒரு லட்சம் யூரோ வரை. பிரித்தானியா 2025 ஜூன் 1 முதல் விற்பனையை நிறுத்தியது. மூன்று இடத்திலும் சட்டம் கடைக்காரனைப் பார்த்துப் பேசுகிறது. சொந்தப் பாவனைக்கு ஒன்று பொக்கட்டில் இருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆகவே "பொக்கட்ல இருந்தாலே பிடிப்பாங்க" என்பது வெறும் வதந்தி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு கருவியை விற்கலாமா, வைத்திருக்கலாமா, இந்த இடத்தில் ஊதலாமா என்பவை மூன்று வேறு கேள்விகள். தலைப்பில் வரும் 'தடை' என்ற ஒரே சொல் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறது. வைத்திருப்பதற்கு ஒன்றும் செய்யாத அதே பெல்ஜியத்தில், 2024 டிசம்பர் கடைசி நாளில் இருந்து மிருகக்காட்சிசாலை, கேளிக்கைப் பூங்கா, சிறுவர் விளையாட்டிடம், விளையாட்டு மைதானம் எல்லாவற்றிலும், திறந்தவெளியாக இருந்தாலும், புகைக்கக் கூடாது. வேப்பும் அதற்குள் அடக்கம். இப்போது யோசியுங்கள். குடும்பமாகச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் போகும் இடங்கள் எவை? மிருகக்காட்சிசாலையும் பூங்காவும்தானே! பயந்து ஒளித்துக்கொண்டு போன பொக்கட்டில் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் சறுக்கு விளையாடும் இடத்தில், வெளிதானே என்று நின்று ஊதினால் பிரச்சினை.

அங்கிருந்து பிரான்ஸுக்கு வாருங்கள், எல்லாம் தலைகீழ். 2025 கோடையில் பிரான்ஸ் கடற்கரை, பூங்கா, பஸ் தரிப்பிடம், பாடசாலை வாசல் என்று புகைத்தலைத் தடுத்தது. தண்டம் 135 யூரோ, எங்கள் காசில் 40,000 ரூபாய்க்கு மேல். அந்தத் தடையில் வேப் சேர்க்கப்படவில்லை. ஆனால் பாடசாலைக்குள், மூடிய பொதுப் போக்குவரத்தில், பலர் சேர்ந்து வேலை செய்யும் மூடிய இடத்தில் வேப் கூடாது என்று 2017 முதலே இருக்கிறது, அதற்கு 150 யூரோ வரை போகும். இத்தாலியின் மிலான் நகரம் 2025 ஜனவரி 1 முதல் தெருவிலேயே சிகரெட்டைக் கட்டுப்படுத்தியது, மற்றவர்களிடம் இருந்து பத்து மீற்றர் தள்ளி நிற்க முடிந்தால் ஒழிய. அங்கும் வேப்புக்கு விலக்கு. சுவீடன் 2019 ஜூலை முதல் ரெஸ்டூரண்ட் வெளி மேசை, ரயில் மேடை, கட்டட வாசல் எல்லாவற்றையும் மூடியது, வேப்பையும் சேர்த்து. மிலானில் பழகியவர் ஸ்டொக்ஹோம் ரயில் மேடையில் அதையே செய்தால் என்ன ஆகும்?

இன்னொன்று, எங்களவர் பலருக்குப் பொருந்துவது. லண்டனில் இருந்து காரிலேயே கடல் கடந்து பிரான்ஸ், பெல்ஜியம் வழியாகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகிறார்கள். இங்கிலாந்தில் பிள்ளை இருக்கும் காருக்குள் சிகரெட் கூடாது, ஆனால் அந்தச் சட்டம் வேப்பைத் தொடாது. லக்சம்பேர்க் எல்லைக்குள் கார் நுழைந்ததும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை காரில் இருந்தால் வேப்பும் கூடாது. அதே கார், அதே வாப்பா, பின்சீட்டில் தூங்கும் அதே பிள்ளை. மாறியது ரோட்டோரத்தில் கவனிக்காமல் கடந்து போன ஒரு நீலப் பலகை மட்டும்.

சுவையும் அப்படித்தான். நெதர்லாந்தில் 2024 ஜனவரி முதல் புகையிலைச் சுவை தவிர வேறு விற்க முடியாது. டென்மார்க்கில் 2022 முதல் புகையிலையும் மென்தோலும் மட்டும். லத்வியாவில் 2025 முதல் வாங்குகிறவருக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயது என்று லண்டனில் கடைக்குள் போய் வந்த பிள்ளைக்கு அங்கே கதவு மூடப்படும்.

சரி, இதற்கெல்லாம் பயணியைத்தானே குறை சொல்ல வேண்டும், போகும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டாமா என்று கேட்பார்கள். விருந்தாளிக்கும் கடமை உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லையா?

ஷெங்கன் விசாவுக்கு ஒரு பெரியவர் கட்ட வேண்டியது 90 யூரோ. கிடைக்காவிட்டால் அந்தக் காசும் திரும்பாது. வங்கிக் கணக்கு வேண்டும், ஹொட்டல் பதிவு வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். எங்கள் பிள்ளையின் கணக்கில் போன மாதம் யார் காசு போட்டார்கள் என்பது வரைக்கும் கேட்கத் தெரிகிறது. நீ வரும் நாட்டில் இந்தப் பொருளை இந்த இடங்களில் பாவிக்காதே என்று அரைத்தாளில் எழுதிக் கையில் கொடுக்க மட்டும் தெரியவில்லை.

முடியாத காரியம் என்று சொல்ல வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு நாட்டு எல்லையைக் காரில் கடந்தால், ஊருக்குள் எவ்வளவு வேகம், நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் என்று பெரிய பலகை நிற்கும். பாஷை தெரியாதவருக்கும் எண் விளங்கும். போனோடு எல்லையைக் கடந்தால் உடனே ஒரு எஸ்.எம்.எஸ். வரும், இந்த நாட்டில் அழைப்புக்கு இவ்வளவு என்று. அது தொலைபேசிக் கொம்பனிகளின் தயவு அல்ல, ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு அனுப்ப வைத்தது. மக்களுக்கு எதிர்பாராத பில் வரக் கூடாது என்று நினைத்தபோது வழி கிடைத்தது. எதிர்பாராத தண்டம் வரக் கூடாது என்று நினைக்க ஏன் மனம் வரவில்லை?

சிகரெட்டுக்காவது ஒரு எண் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விமானத்தில் வருகிறவர் 200 சிகரெட் வரை கொண்டு வரலாம் என்பது எங்கள் ஊரில் முதல் தடவை பறப்பவருக்கும் தெரியும். வேப் திரவத்துக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான எண் ஒன்று இல்லை. ஒன்றிய நாடுகள் சேர்ந்து போத்தலின் அளவைத் தீர்மானித்தார்கள், எத்தனை போத்தல் என்பதை விட்டுவிட்டார்கள். இதில் லாபம் யாருக்கு? தடை வந்த கையோடு அதே நிறம், அதே வடிவம், அதே இனிப்பு, அடியில் ஒரு சார்ஜ் துளை மட்டும் வைத்து 'இது எறிவது அல்ல' என்று சந்தைக்கு விட்டார்களே, அவர்களுக்கு. பெட்டியின் மேல் மாம்பழப் படம் போட இடம் இருக்கிறது, எந்த நாட்டில் எங்கே கூடாது என்று போட இடம் இல்லை.

"நூறு யூரோ தண்டம்தானே, கட்டிவிட்டு வரட்டும்" என்று கையில் ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ளவர் சொல்லலாம். எங்கள் பிள்ளைக்கு அது அவ்வளவு லேசு இல்லை. பிரித்தானிய விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பிரித்தானியாவிலோ வேறு நாட்டிலோ உமக்குத் தண்டனை, கைது, எச்சரிக்கை, வேறு ஏதாவது தண்டம் கிடைத்ததுண்டா? அந்த 'வேறு ஏதாவது' என்ற இடத்தில்தான் பிள்ளையின் விரல் நிற்கும். ரயிலுக்குள் ஊதியதற்குக் கட்டிய தண்டம் இதற்குள் வருமா, வராதா? சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாக ஆகிவிடுமா? காணியை ஈடு வைத்து அனுப்பிய படிப்பு. அந்த இரவு உம்மாவுக்கும் தூக்கம் இல்லை, இங்கே எங்களுக்கும் போன் வரும், "சேர், என்ன போடுறது?" என்று. உண்மையை எழுது, ரசீதை வைத்திரு, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேள் என்று சொல்வதற்கு மேல் எங்களிடம் என்ன இருக்கிறது?

ஆகவேதான் இங்கே டிக்கெட்டும் விசாவும் செய்து கொடுப்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபம். ஐரோப்பாக்காரன் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வரைக்கும் காத்திருக்க முடியாது. நீங்கள் காசு வாங்குகிறீர்கள். எந்த ஹொட்டல், எந்த மியூசியம், ஹலால் சாப்பாடு எங்கே என்று கலர் தாளில் அடித்துத் தருகிறீர்கள். அதே தாளின் பின்பக்கத்தில் போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வரி போட எவ்வளவு நேரம் எடுக்கும்? "அங்க எல்லாம் ஓப்பன்" என்று ஸ்டேட்டஸ் போட எடுத்த நேரத்தை விடக் கொஞ்சம் கூட. அந்தந்த நாட்டின் சுகாதார அமைச்சு இணையத்தளத்தில் பார்த்துப் போடுங்கள், யூடியூபில் பார்த்து அல்ல. சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் பார்த்த திகதியையும் கீழே போடுங்கள். வயது வந்த பிள்ளைகளிடம் வாப்பாமார் முன்னால் இதைக் கேட்கக் கூச்சம் என்றால் தாளை மட்டும் கையில் கொடுங்கள், வாசிக்கிறவன் வாசிப்பான்.

விமானத்துக்கும் ஒரு வரி சேருங்கள், இதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இல்லை. வேப் கருவிக்குள் இருப்பது லித்தியம் பற்றரி. ஏற்றிவிடும் பெரிய பொதிக்குள் அது போகக் கூடாது, கைப்பொதியில்தான் இருக்க வேண்டும். விமானத்துக்குள் பாவிக்கவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. லண்டன்-பாரிஸ் யூரோஸ்டார் ரயிலுக்குள்ளும் ஊதக் கூடாது, கழிப்பறையும் ரயிலுக்குள் சேர்த்திதான்.

ஊரில் டிராவல்ஸ் நடத்தும் தம்பிமார் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த குழு எப்போது புறப்படுகிறது, எந்தெந்த நாடு என்று கீழே எழுதுங்கள். தமிழில் அந்தத் தாளைத் தயாரிக்க எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் தயாராக இருக்கிறோம், ஒரு சதமும் வேண்டாம்.