தோட்டம் செழித்தது, தோட்டக்காரன்?

தோட்டப் பயிரைப் 'பொழுதுபோக்கு வெள்ளாமை' என்று கேலி பேசிய காலம் மலையேறிவிட்டது. 2012-13இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் 25.7 கோடி டன். காயும் கனியும் மலரும் மஞ்சளும் மிளகுமாகச் சேர்ந்த தோட்ட விளைச்சலோ 26.9 கோடி டன்! 2023-24இல் அது 35 கோடியைத் தாண்டிற்று. காய்கனி விளைச்சலில் சீனத்திற்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. துண்டு நிலக்காரனும் நாலு காசு பார்க்கலாம். பறிக்க, தரம் பிரிக்க, கூடை சுமக்க, லாரி ஏற்ற என்று ஆயிரமாயிரம் கைகளுக்கு வேலையும் உண்டு.

மகிழ்ச்சிதான். ஆனால் விளைவித்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா?

2023 ஜூலையைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. தொழிலாளி வீட்டில் நாள்தோறும் புளிக்குழம்பு! செப்டம்பரில் என்ன நடந்தது? பறிகூலிக்கும் கட்டாத விலை கண்டு, அதே தக்காளியை ஆந்திர விவசாயிகள் சாலையில் கொட்டினார்கள். வாங்கியவனும் அழுதான், விளைவித்தவனும் அழுதான். நடுவில் சிரித்தவன் யார்?

ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: தக்காளிக்கு நாம் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது 33 காசு, வெங்காயத்தில் 36 காசு. மிச்சம் தரகு, வண்டி வாடகை, அழுகல், வியாபாரி லாபம். தள்ளுவண்டிக்காரனை ஏச வேண்டாம். அவனும் நம் இனம். தக்காளி என்ன நெல்லா, குதிரில் கொட்டி விலைக்குக் காத்திருக்க? பறித்தால் விற்றாக வேண்டும். அந்த அவசரந்தான் மண்டிக்காரனின் முதலீடு. குளிர்பதனக் கிடங்குகள் உண்டே என்பார்கள். உண்டு, பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கு! தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென 2018இல் டில்லி 500 கோடி ரூபாய் அறிவித்தது. ஐந்தாண்டு கழித்தும் தக்காளி சாலையில் கிடந்தது.

ஆலை வைத்தால் தீரும் என்பதும் அரை உண்மையே. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைகள் இல்லையா? இருந்தும் 2025இல் மாவிலை சரிந்து விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்களே! விலைக்கு ஒரு தரை வேண்டும். கேரளம் 2020 நவம்பரில் 16 காய்கனி, கிழங்கு வகைகளுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவிகிதம் சேர்த்து அடிப்படை விலை வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் பொறுப்பு அரசுக்கு.

சின்னஞ்சிறு கேரளம் துணிந்ததை, நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆண்டுதோறும் ஆதரவு விலை அறிவிக்கும் டில்லி தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் செய்யத் தடுப்பது எது?