அனுப்பிய நாளும் சேர்ந்த நாளும்

கேரளத்தின் போக்குவரத்துக் கேமராத் திட்டத்தின் ஒப்பந்தத்தை எதிர்த்துக் காங்கிரஸ் தலைவர்கள் வி. டி. சதீசனும் ரமேஷ் சென்னிதலாவும் தொடுத்திருந்த பொதுநல மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தள்ளுபடி செய்துவிட்டபடியால், மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்களும் இனி வக்கீல்களாகிய நம் கட்சிக்காரர்களின் நித்திய சகவாசிகள் என்று கொள்ளவேண்டியதுதான். சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிப்பவை அவற்றுள் 18. ஹெல்மெட், சீட் பெல்ட் முதலியவற்றைப் பார்ப்பவை 675. இந்த விகிதாசாரம் விசித்திரமானதே. ஆயினும், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், சாலைகளை மின்னணு முறையில் கண்காணிக்கச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவை அமல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களைப் பணித்த பிறகு, கேமராவே கூடாதென்று வாதிடுவதில் பயனுமில்லை, தர்மமுமில்லை.

நம் கவலை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 167ஏ விதியின் 15 நாள் கெடு நோட்டீஸை அனுப்புவதற்கு உரியது. கைக்குச் சேர்வதற்கு அன்று. தேவிகுளம் தாலுகாவின் தோட்டத் தொழிலாளி ஒருவர், லயத்து முகவரிக்கு வந்து மஸ்டர் ஆபீசில் பல நாள் கிடந்த கடிதத்தை, ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்து நம்மிடம் கொண்டுவந்தார். "வக்கீலய்யா, வண்டியப் பிடிச்சுக்கிடுவாங்களா?" என்றார். அந்த மலையாளத் தாளில் அவருக்கு விளங்கியவை 500 என்ற எண்ணும், பின்னிருக்கையில் முந்தானையால் தலையை மூடியிருந்த மனைவியின் மங்கிய உருவமும் மட்டுமே.

232 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஒரு தமிழ்ப் படிவத்துக்கு இடமில்லாமற் போயிற்று! மொழிச் சிறுபான்மையினருக்கென அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தமிழர் தம் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதலாம், மறுமொழியும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. சித்தூரிலும் பீருமேட்டிலும் தொழில் நடத்தும் நம்மவருக்கு இதை நினைவூட்ட நேர்வதே வெட்கம். நோட்டீஸ் மறுமொழியாகாதே என்று சர்க்கார் தரப்பில் சொல்லக்கூடும். ஆகட்டும், ஆட்சேபத்தை நாம் முந்தித் தமிழில் எழுதிவிட்டால், அதற்கு வருவது மறுமொழியன்றி வேறென்ன?

அவ்வாறே அவருக்காக இரண்டு பக்கம் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். ஜன்னலுக்குப் பின்னிருந்த குமாஸ்தா, தாமும் வீட்டில் தமிழ் பேசுகிறவராயிருந்தும், முதல் வரியைக் கண்டதுமே தாளைத் திருப்பித் தள்ளி, மலையாளத்தில் எழுதிவரச் சொன்னார். பிறகு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். சேர்ந்துவிட்டதென்று மூன்றாம் நாளே தபால் இலாகாவின் குறுஞ்செய்தி வந்தது. மறுமொழி இன்னும் வரவில்லை. அது சேர்ந்தும் 15 நாள் என்றோ கழிந்துவிட்டது.