ஆணியில் தொங்கும் விளம்பரம்

சிற்றூரில் கடை திறப்பவர் விளம்பரம் என்றதும் முதலில் ஓடுவது ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடத்துக்குத்தான். கட்டிய ஒரே வாரத்தில் அதன்மேல் யாரோ ஒருவரின் கல்யாண பேனர் ஏறிவிடுகிறது. அனுமதி வாங்காமல் கட்டினால் உள்ளாட்சியின் தொல்லை வேறு. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போன பிறகும் இதை மலிவு விளம்பரம் என்பவர்களை என்ன சொல்வது? அதிராம்பட்டினம் போன்ற ஊரில் சின்னக் கடைக்காரரின் காசு போய்ச் சேரவேண்டிய இடம் வாடிக்கையாளர் வீட்டுச் சுவர். அங்கே இடம் பிடிக்க ஒரே வழிதான் உண்டு: கொடுக்கும் பொருள் அந்த வீட்டுக்குப் பயன்பட வேண்டும்.

சிவகாசியின் தினசரி காலண்டர் இதற்குப் பழைய சாட்சி. ஆண்டு முழுக்கத் தாள் கிழிபடும். அட்டையின் அடியிலுள்ள கடைப்பெயர் கிழிபடாது. நல்ல நேரம், ராகு காலம், பிறை, விடுமுறை என்று ஏதோ ஒன்றுக்காக வீட்டில் ஒருவராவது தினமும் அதன் முன் நிற்கிறார். அதிராம்பட்டினத்தில் இதைவிடச் சிக்கனமான வழி இருக்கிறது: ரமலான் நேர அட்டை. சஹர் முடிவும் நோன்பு திறக்கும் நேரமும் அச்சிட்ட ஒற்றை அட்டை, கீழே கடையின் பெயர். முப்பது நாளும் விடியலுக்கு முன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வீடே அதைப் பார்க்கிறது. எந்தத் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு இந்தப் பாக்கியம் உண்டு? பிறைக் கணக்கால் ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2018-இல் மே மாதத்தில் தொடங்கிய நோன்பு, 2026-இல் பிப்ரவரியில் தொடங்கியது. அதாவது, சம்பா அறுவடைப் பணம் சுற்றுவட்டாரத்தில் புழங்கும் நேரமும் பெருநாள் துணி எடுக்கும் நேரமும் இப்போது நெருங்கி வந்திருக்கின்றன. கடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பயன்தான் விளம்பரம் என்பதைக் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு பெரிய அளவில் காட்டியது. 1983-இல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கியவர் சி.கே.ரங்கநாதன். அவருடைய ஆட்கள் கிராமங்களுக்குப் போய்த் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் சிக் பாக்கெட் ஒன்று இலவசம் என்றார்கள். மக்களுக்குப் பழகிய பிறகு, சிக்கின் காலி பாக்கெட்டை மட்டுமே வாங்கிக்கொண்டார்கள். குப்பைக்குப் போகவேண்டிய பாக்கெட்டே விளம்பரச் செலவைச் சுமந்தது.

செல்பேசியிலேயே தேதியும் தொழுகை நேரமும் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்கலாம். செல்பேசி ஒருவர் கையில் இருப்பது, சுவர் எல்லோருக்கும் பொது. அடுப்படியில் மாவுக் கையோடு நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் போதும். செல்பேசிச் செயலியில் உங்கள் கடைப்பெயரும் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பக் காசே வேண்டாமே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், ஆனால் ஒரே ‘மாபெரும் தள்ளுபடி’ படத்தைத் தினமும் அனுப்பினால் குழுவையே மௌனமாக்கிவிடுவார்கள். இன்று வந்த மீன் என்ன, விலை என்ன என்று காலையில் ஒரு வரி போடும் மீன்கடைக்காரருக்கு அந்தக் கதி வராது. அங்கும் செல்லுபடியாவது பயன்தான்.

காலண்டருக்கும் காசு வேண்டுமே என்பதுதான் கனமான ஆட்சேபம். டீக்கடைக்காரரால் ஆயிரம் காலண்டர் அடிக்க முடியாது. அப்படியானால் மருந்துக்கடை, மளிகை, தையற்கடை என்று ஒன்றோடொன்று போட்டியில்லாத மூன்று கடைகள் சேர்ந்து ஓர் அட்டை அடிக்கலாம். கடைப்பெயர் அச்சிட்ட மஞ்சள் பையும் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, துணிப்பைக்கு வீட்டில் மதிப்புக் கூடியிருக்கிறது. பெரிய ஜவுளிக்கடைகள் பல தலைமுறையாகச் செய்த வேலை அது. ஒன்று மட்டும்: பை கிழிந்தால் பெயரும் போச்சு. மெல்லிய பையைக் கொடுத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

பொருள் மோசமாக இருந்தால் இது எதுவும் கைகொடுக்காது; கெட்ட பெயரும் அதே சுவரில் ஆண்டு முழுக்கத் தொங்கும்.

புதிய ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். டெல்டாவில் காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் அதே நாள். இந்த முறை ஆல்பம் கைக்கு வந்ததும் படங்களைப் புரட்டுவதற்கு முன், கடை திறக்கும் நேரத்தையும் சரியான தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.