தடுமாற்றத்தை யாரிடம் சொல்வார் பேட்ஸ்மேன்?

சொந்த மண்ணில் 124 ரன் எட்டாத இலக்கல்ல. 2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் அதைத் துரத்திய இந்திய அணி 93 ரன்னில் சுருண்டது. அடுத்த வாரமே குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ரன் கணக்கில் இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அதுதான். அந்த இரு ஆட்டங்களில் 17 விக்கெட் எடுத்த தென்னாப்பிரிக்காவின் சைமன் ஹார்மர் ஓர் ஆஃப் ஸ்பின்னர். அதற்கு ஓராண்டு முன்பு நியூசிலாந்து 3-0 என்று தொடரை வென்று சென்றபோதும் நம்மைச் சாய்த்தவர்களில் முதன்மையானவர்கள் மிட்செல் சான்ட்னர், அஜாஸ் படேல் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்கள். சுழலை ஆடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு இது.

இப்படி ஒரு சரிவு வரும்போதெல்லாம் பேட்ஸ்மேன்களுக்கு ஒரு மென்ட்டாரைப் போடுங்கள் என்ற குரல் எழுகிறது. சச்சினை அழையுங்கள், டிராவிட்டை அழையுங்கள் என்று பெயர்ப் பட்டியலும் கூடவே வருகிறது. மென்ட்டார் தேவை என்பதே என் கருத்தும். ஆனால், மொத்த அணிக்கும் ஒருவர் என்று கிரிக்கெட் வாரியம் நியமித்து ஓய்வறையில் உட்காரவைத்தால் பயன் கிடைக்காது. தனக்கானவரை ஒவ்வொரு பேட்ஸ்மேனும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆளுக்கு அணித் தேர்வில் எந்தக் கையும் இருக்கக் கூடாது.

அணியில் பேட்டிங் பயிற்சியாளர் ஏற்கெனவே இருக்கிறாரே என்று கேட்கலாம். சிதான்ஷு கோட்டக் 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு முன் விக்ரம் ரத்தோரும் அவருக்கும் முன் சஞ்சய் பாங்கரும் இருந்தார்கள். ஒரு தொடர் நடக்கும்போது அவர்களின் வேலை அடுத்த ஆட்டத்தைப் பற்றியது: எதிரணிப் பந்துவீச்சாளரின் காணொளி, ஆடுகளத்தின் தன்மை, வலைப்பயிற்சி நேரம். த்ரோடவுன் போட ராகவேந்திராவும் இடக்கையில் எறிய இலங்கையின் நுவன் செனவிரத்னவும் இருக்கிறார்கள். வேகப்பந்துக்கு நம் ஆட்கள் பழகியதில் ராகவேந்திராவின் தோளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கோலியே சொல்லியிருக்கிறார். ஆனால், மட்டையைப் பிடிக்கும் விதத்தையோ நிற்கும் விதத்தையோ இரண்டு டெஸ்ட்டுகளுக்கு இடைப்பட்ட நான்கு நாளில் யாரும் மாற்ற முடியாது. மாற்றினால் முதலில் ஆட்டம் இன்னும் கெடும், பிறகுதான் தேறும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், தோற்றால் கேள்வி கேட்க ஆளில்லாத இடம் வேண்டும்.

நேரத்தைவிடப் பெரிய தடை அச்சம். தலைமைப் பயிற்சியாளரின் சொல்லுக்கு ஆடும் பதினொருவரைத் தீர்மானிப்பதில் எடை உண்டு. பேட்டிங் பயிற்சியாளர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர். கொல்கத்தாவில் மூன்றாம் இடத்தில் வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடுத்த வாரம் குவாஹாட்டியில் அந்த இடம் சாய் சுதர்சனுக்குப் போனது. சுந்தர் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். இருவருமே சென்னை லீக்கின் சுழலில் வளர்ந்தவர்கள். தன் இடம் இப்படி வாரத்துக்கு வாரம் நகர்வதைப் பார்க்கும் ஓர் இளைஞர், ஆஃப் ஸ்பின்னரின் பந்து எங்கே விழும் என்று எனக்குப் பிடிபடவில்லை என்று அந்தப் பயிற்சியாளர்களிடமே எப்படிச் சொல்வார்? விடைத்தாள் திருத்துபவரிடமே போய் இந்தப் பாடம் எனக்கு வராது என்று எந்த மாணவனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதற்குக் கிரெக் சாப்பலைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2003 இறுதியில் ஆஸ்திரேலியத் தொடர் காத்திருந்தது. எகிறி வரும் பந்தில் கங்குலி தடுமாறுவார் என்பது உலகறிந்த செய்தி. அவர் சில மாதங்கள் முன்னதாகவே ஓசைப்படாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சாப்பலிடம் பயிற்சி பெற்றார். அந்த டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட்டில் 144 ரன் அடித்தார். பிரிஸ்பேன் ஆடுகளத்தில் கங்குலி நின்று ஆடிய அந்த இன்னிங்ஸ்தான் அந்தத் தொடருக்கே இந்தியாவின் தொனியை அமைத்துக் கொடுத்தது. தொடர் 1-1 என்று முடிந்தது. அந்த நன்றியும் மதிப்பும் காரணமாக, 2005இல் சாப்பல் தலைமைப் பயிற்சியாளராக வருவதற்குக் கங்குலியே துணைநின்றார். சில மாதங்களிலேயே ஜிம்பாப்வே சுற்றுப்பயணத்தில் மோதல் வெடித்தது. கங்குலியைப் பற்றிச் சாப்பல் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. கங்குலி தலைமைப் பதவியை இழந்தார், அணியிலும் இடம் இழந்தார். 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறிய பிறகு சாப்பலும் போனார். சாப்பலின் கிரிக்கெட் அறிவு அந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. முதல் முறை அவர் கங்குலி தேடிப்போன ஆசான். இரண்டாம் முறை கங்குலியின் இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரி.

பலன் தந்த மற்ற உதவிகளும் இதே வகைதான். 2014 இங்கிலாந்து தொடரில் 10 இன்னிங்ஸில் 134 ரன் மட்டுமே எடுத்த கோலி, நாடு திரும்பியதும் மும்பைக்குப் போய்ச் சச்சினிடம் பேசினார். வேகப்பந்துக்கு முன்காலை எடுத்துவைத்து ஆடும் முறையை அங்கே சீர்செய்துகொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரில் 4 சதம், 692 ரன். 2016இல் இங்கிலாந்தில் திணறிக்கொண்டிருந்த பாகிஸ்தானின் யூனிஸ் கானைத் தொலைபேசியில் அழைத்து, கிரீஸுக்குள் நின்று ஆடச் சொன்னவர் நம் அசாருதீன். ஓவல் டெஸ்ட்டில் யூனிஸ் 218 அடித்துவிட்டு அசாருக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார். அதே அசாருதீன் 1989 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் ஃபார்ம் இழந்து தவித்தபோது, மட்டைப் பிடியை மாற்றிப் பார் என்று சொல்லிக் காப்பாற்றியவர் பாகிஸ்தானின் ஜாகிர் அப்பாஸ். 27 ஆண்டுகள் கழித்து அந்த உதவி எல்லை தாண்டித் திரும்பிப் போயிருக்கிறது. இவற்றில் எதிலும் வாரியத்தின் நியமன ஆணை இல்லை.

நியமித்துப் பார்த்ததும் உண்டு. 2021 டி20 உலகக் கோப்பைக்கு மென்ட்டாராகத் தோனி வந்தார். ஊதியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அக்டோபர் 15 அன்று ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கு, 24ஆம் தேதி பாகிஸ்தானுடன் ஆட்டம். ஒன்பது நாளில் அவரால் என்ன செய்துவிட முடியும்? பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோல்வி. அடுத்து நியூசிலாந்துக்கு எதிராக 20 ஓவரில் 110 ரன். அரையிறுதிக்கே போகவில்லை.

2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தானுக்கு மென்ட்டாராக இருந்த அஜய் ஜடேஜாவை இதற்கு எதிராகக் காட்டலாம். இங்கிலாந்தை வீழ்த்திய அந்த அணி, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் 282 ரன்னையும் 8 விக்கெட்டில் துரத்திப் பிடித்தது. மறுக்கவில்லை. இந்திய மைதானங்களில் ஒருநாள் ஆட்டத்தை எப்படி நகர்த்துவது என்று அறிந்த ஒருவர், அனுபவம் குறைந்த அணிக்குத் துணைநின்றார். இந்திய அணிக்கு ஈடன் கார்டனை அறிமுகப்படுத்த யாரும் தேவையில்லை.

வாரியமும் ஒருமுறை நான் கேட்கும் ஏற்பாட்டுக்கு மிக அருகே வந்தது. 2017 ஜூலையில் ரவி சாஸ்திரியைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தபோதே, வெளிநாட்டுத் தொடர்களுக்கு மட்டும் டிராவிட் பேட்டிங் ஆலோசகர் என்றும் அறிவித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு அதை நிறுத்திவைத்தது. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் 1-2, இங்கிலாந்தில் 1-4. இங்கிலாந்தில் கோலி 593 ரன் அடித்தார். மற்ற எந்த இந்தியரும் 300ஐத் தொடவில்லை. டிராவிட் இருந்திருந்தால் தொடர் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புஜாராவும் ரகானேயும் ராகுலும், அந்தக் கோடையை எதிர்கொள்ளும் முன் டிராவிட்டுடன் இரண்டு வாரம் செலவிடும் வாய்ப்பு, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற இழுபறியில் தொலைந்தது. இப்போது நினைத்தாலும் ஆதங்கமாக இருக்கிறது.

இரட்டைப் பதவி விதி இன்னொரு முடிச்சு. 2019இல் ஐபிஎல் அணிகளுக்கு வழிகாட்டிகளாக இருந்த சச்சினுக்கும் லட்சுமணனுக்கும் வாரியத்தின் ஆலோசனைக் குழுவிலும் இருந்ததற்காக நோட்டீஸ் போனது. அந்த விதியின் நோக்கம் சரியானது. ஆனால், பத்து நாள் பயிற்சி தரும் ஒருவர் தன் வர்ணனை ஒப்பந்தத்தையும் ஐபிஎல் தொடர்பையும் எழுத்தில் அறிவித்தால் போதாதா? அவருக்கு வாக்கு இல்லை, பதவி இல்லை. யாரை எடுப்பது என்று அவரிடம் எவரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே வாரியம் செய்ய வேண்டியது இது: ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு பேட்ஸ்மேனும் ஆண்டுக்குச் சில வாரங்கள் தனக்கு விருப்பமானவரிடம் பயிலலாம், செலவு வாரியத்துடையது. 2023 முதல் ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற வாரியத்துக்கு அது ஒரு பொருட்டல்ல. பயிற்சி தொடர்களுக்கு இடையில்தான் நடக்க வேண்டும். தொடர் தொடங்கிவிட்டால் மென்ட்டார் ஒதுங்கிவிட வேண்டும், கோட்டக்கின் சொல்லே கடைசிச் சொல். இல்லையென்றால் ஒருவர் ஆஃப் ஸ்டம்பில் நில் என்பார், மற்றவர் மிடில் ஸ்டம்பில் நில் என்பார். நடுவில் ஆட்டக்காரர் குழம்புவார். என்ன மாற்றப்பட்டது என்பது மட்டும் பேட்டிங் பயிற்சியாளருக்குத் தெரிந்தால் போதும். என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது வெளியே வரவே கூடாது.

தேர்ந்தெடுக்கப்படுபவர் பெரிய நட்சத்திரமாக இருக்க வேண்டியதும் இல்லை. 2025 உலகக் கோப்பையை வென்ற இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளர் அமோல் மஜும்தார் இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல்தர கிரிக்கெட்டில் 11,000 ரன்னுக்கு மேல் குவித்தவர். நம்மூர் டபிள்யூ.வி. ராமனிடம் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று ஒரு பேட்ஸ்மேன் கேட்டால், பெயர் போதவில்லை என்று யாரும் தடுக்கக் கூடாது.

ஷுப்மன் கில்லும் அபிஷேக் சர்மாவும் 2020 ஊரடங்குக் காலத்தில் யுவராஜ் சிங்கிடம் பயின்றார்கள். கில் 2025இல் இங்கிலாந்தில் 754 ரன் அடித்தார். அதே ஆண்டு வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக 54 பந்தில் 135 அடித்த அபிஷேக், இன்றும் யுவராஜின் பெயரைச் சொல்லாமல் பேட்டி முடிப்பதில்லை. பஞ்சாபில் பிறந்ததால் அவர்களுக்கு யுவராஜ் கிடைத்தார். அசாமிலோ சத்தீஸ்கரிலோ ரஞ்சி ஆடும் இருபது வயதுப் பையனின் தெருவில் அப்படி ஒருவர் இல்லை. பெங்களூருவில் வாரியம் கட்டியிருக்கும் புதிய உயர்திறன் மையத்தில் ஆடுகளங்களுக்குக் குறைவில்லை. இந்த ஏற்பாட்டை அந்தப் பையனிடமிருந்து தொடங்கட்டும். கேப்டனின் முறை பிறகு வரலாம்.